மாண்டவரை எண்ணுகிறோம், மீண்டவரை?

சந்தா வசூலுக்காகத் திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். வெயில் ஏறிய நேரம். கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, கரையெல்லாம் சீமைக்கருவேலம். அந்த ஊரில் நம் தோழர் ஒருவர் இருக்கிறார். கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவது அவர் பிழைப்பு. இரண்டு பேர் தூக்கும் கட்டையைத் தனியாளாகத் தோளில் ஏற்றுவார். மாநாடு என்றால் இருபது பேரைத் திரட்டிக்கொண்டு முதல் வண்டியில் வந்து இறங்குவார். அன்று அவர் திண்ணையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நம்மைக் கண்டதும் எழுந்தார்; எழுவதற்குத் தூணைப் பிடித்தார். நம் பெயரைச் சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பெயர் வரவில்லை.

அவருக்கு வயது நாற்பது ஆகவில்லை.

நடந்தது இதுதான். மூட்டம் எரிகிற இரவுகளில் பக்கத்திலேயே படுத்துக் காவல் இருக்க வேண்டும். மேலே பூசிய மண் விரிசல் விட்டுக் காற்றுப் புகுந்தால் கரியெல்லாம் சாம்பலாகிவிடும். அப்படிப் படுத்திருந்த ஓர் இரவில் கட்டுவிரியன் கடித்தது. கட்டுவிரியன் கடி வலிக்காது. பல வேளைகளில் தடம்கூடத் தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி என்றார்; கண் இமை இறங்கியது; பேச்சுக் குழறியது. 108 வண்டியில் ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் செயற்கைச் சுவாசக் கருவியில் கிடந்தார். பிழைத்தார். கிளைத் தோழர்கள் வேன் பிடித்துப் போனார்கள். வாசலில் துண்டு போர்த்திப் படம் எடுத்தார்கள். ஊர் எல்லையில் எல்லோருக்கும் தேநீர். நாமும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். அத்தோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணிக்கொண்டோம்.

ஐந்து மாதம் கழித்து அந்தத் திண்ணையில் அவர் மனைவி நம்மிடம் சொன்னார்: “அண்ணே, உசுரு வந்திருச்சு. அதுக்கு அந்த டாக்டருகளைக் கையெடுத்துக் கும்பிடணும். ஆனா வீட்டுக்கு வந்தது பழைய ஆளு இல்லண்ணே. ராத்திரி தூக்கம் கிடையாது. கையைக் கட்டிப் போட்டுட்டாங்க, கொல்லப் போறாங்கன்னு எந்திருச்சு ஓடுறாரு. நாலு எட்டு நடந்தா முட்டி மடங்குது. கரிக்காரர் கணக்குக் கேட்டா எத்தனை மூட்டைன்னு சொல்லத் தெரியல. இப்பல்லாம் வேலைக்கே கூப்பிடுறதில்ல. இவரைத் தனியா விட்டுட்டு நானும் மிளகா பறிக்கப் போக முடியல.”

அந்த அம்மையார் கோடங்கியிடம் போயிருக்கிறார். பயந்த கோளாறு என்று சொல்லி உடுக்கை அடித்துக் கயிறு கட்டிக் கையிலிருந்த பணத்தையும் கறந்துவிட்டான் அவன். மூடநம்பிக்கை என்று நாம் சீறலாம். சீறத்தான் வந்தது. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்து வாயடைத்துப் போனோம். கோடங்கியாவது, “கண்ணை மூடினால் என்னப்பா தெரிகிறது?” என்று அந்த மனிதனிடம் கேட்டான். அந்தக் கேள்வியை அதற்கு முன் அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி கேட்கவில்லை, சர்க்கார் கேட்கவில்லை, கட்சிக்காரர்களாகிய நாமும் கேட்கவில்லை!

இது ஒரு குடும்பத்தின் துயரம் என்று இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுப் போவதற்காக நாம் இதை எழுதவில்லை. அந்தத் தோழருக்கு வந்திருப்பது பேயும் அல்ல, பயந்த கோளாறும் அல்ல, சோம்பலும் அல்ல. அதற்கு மருத்துவ உலகில் பெயர் உண்டு. அது யாருக்கு வரும் என்று ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும் நாளிலேயே ஓரளவு சொல்லிவிடவும் முடியும். அப்படியிருந்தும் சொல்லாமல் அனுப்புகிறார்கள் என்பதே நம் வழக்கு.

கையால் காத்த உயிர்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஒன்று எப்படிப் பிறந்தது என்பதைத் தொழிலாளத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1952-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டுத் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளை நோயாகப் பரவியது. மூச்சு விடும் தசைகள் செயலிழந்து குழந்தைகள் திணறித் திணறி மாண்டன. அப்படி மூச்சு முடங்கியவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இறந்துகொண்டிருந்த வேளையில், பியோர்ன் இப்சன் என்ற டாக்டர் ஒரு வழி சொன்னார். தொண்டைக் குழாயில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தலாம் என்றார். அத்தனை நோயாளிகளுக்கு இயந்திரம் ஏது? மருத்துவ மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறை வைத்து, இரவும் பகலும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பையை அமுக்கினார்கள். சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டே அதற்கென்று ஒரு தனிப் பிரிவு அங்கே எழுந்தது.

மனிதன் கைவிடாமல் மனிதனைக் காப்பாற்றிய கதை அது. இன்று அந்தக் கைகளின் வேலையை இயந்திரம் செய்கிறது. நம் தோழரைக் காப்பாற்றியதும் அந்த இயந்திரம்தான். விஞ்ஞானத்தையோ டாக்டர்களையோ நர்சுகளையோ நாம் குறை கூற வரவில்லை. இடுப்பொடிய உழைப்பவர்கள் அவர்கள். நாம் கேட்பதெல்லாம் இதுதான்: பை அமுக்கிய மாணவன் குழந்தை மூச்சு விட்டதும் எழுந்து போய்விடவில்லையே, நாம் மட்டும் ஏன் வாசலோடு எழுந்து போய்விடுகிறோம்?

உள்ளே என்ன நடக்கிறது?

தீவிர சிகிச்சைப் பிரிவில் அசைவின்றிக் கிடக்கும் உடம்பு தன்னையே தின்னத் தொடங்குகிறது. இலண்டனில் 63 நோயாளிகளின் தொடைத் தசையை அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். பத்தே நாளில் அந்தத் தசையின் பருமனில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு கரைந்திருந்தது. கட்டை சுமந்து, கல் உடைத்து, தறியடித்து இருபது ஆண்டுகளில் ஒரு தொழிலாளி சேர்த்த மூலதனம் அது. வேறு மூலதனம் அவனிடம் ஏது?

மூளையும் தப்புவதில்லை. மயக்க மருந்து, காய்ச்சல், பிராணவாயுக் குறைவு, இரவு பகல் தெரியாத விளக்கு வெளிச்சம் எல்லாம் சேர்ந்து சித்தத்தைக் கலக்குகின்றன. குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்கக் கையைக் கட்டியிருப்பார்கள்; கலங்கிய மூளை அதைக் கொலைகாரன் கட்டியதாகப் பதிந்துகொள்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதிவு அழிவதில்லை. அமெரிக்காவில் 821 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 74 பேருக்கு ஆஸ்பத்திரியிலேயே சித்தக் கலக்கம் ஏற்பட்டிருந்தது. மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது நூற்றுக்கு 40 பேரின் நினைவும் சிந்தனையும், தலையில் பலத்த அடிபட்டவர் நிலைக்குத் தாழ்ந்திருந்தன. ஓராண்டு கழித்தும் 34 பேர் அப்படியே இருந்தார்கள். மூட்டைக் கணக்கு மறந்துபோன தோழரைச் சோம்பேறி என்று சொன்ன கரிக்காரர் இதைப் படிக்க வேண்டும்!

கனடாவில் நுரையீரல் பழுதாகித் தீவிர சிகிச்சையில் பிழைத்த 109 பேரின் கதையை 2003-இல் எழுதினார்கள். முதியவர்கள் அல்லர், பெரும்பாலோர் நடுத்தர வயதினர். ஓராண்டு சென்ற பின் பாதிப் பேர்கூட வேலைக்குத் திரும்பவில்லை. பொருள் வளமும் மருத்துவ வசதியும் மிகுந்த நாட்டின் நிலை அது.

உடலின் தளர்ச்சி, நினைவின் தளர்ச்சி, மனத்தின் துன்பம் ஆகிய இம்மூன்றையும் சேர்த்துத் தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்க்கூறு என்று 2012-இல் பெயரிட்டு எழுதினார்கள். நோயாளி மட்டுமல்ல, பக்கத்தில் விழித்திருந்து பார்த்துக்கொள்ளும் மனைவியும் மகனும் மனம் நொறுங்கிப் போகிறார்கள் என்பதையும் அதிலேயே சேர்த்தார்கள்.

சோதிடம் அல்ல, கணக்கு

சரி, யாருக்கு வரும் என்று முன்கூட்டி எப்படிச் சொல்வது? கிளி எடுக்கும் சீட்டா இது?

மானாவாரிக் காட்டுக்காரனுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமியில் விதைப்பவன் காற்றைப் பார்க்கிறான், மண்ணின் ஈரத்தைப் பார்க்கிறான், சென்ற ஆண்டுக் கணக்கைப் பார்க்கிறான். பிறகுதான் விதைப் பெட்டியைத் திறக்கிறான். சில வேளை தவறும். தவறும் என்பதற்காக எவனும் கண்ணை மூடிக்கொண்டு விதைப்பதில்லை.

ஸ்வீடன், டென்மார்க், ஹாலந்து ஆகிய நாடுகளில் பத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். பிரிவை விட்டு வெளியேறும் நாளில் என்னென்ன தெரிந்தால், மூன்று மாதம் கழித்து யார் மனம் உடைந்து நிற்பார் என்று சொல்லலாம் என்பதே அவர்கள் கேள்வி. 2018-இல் விடை சொன்னார்கள். சோர்வின் அறிகுறி இப்போதே இருக்கிறதா, அச்சுறுத்தும் நினைவுகள் இருக்கின்றனவா, துணை நிற்க ஆள் இருக்கிறதா, வயது என்ன என்ற நான்கையும் கொண்டு மதிப்பிடலாம் என்றார்கள். அவர்களே உடலின் முடக்கத்துக்கும் இப்படி ஒரு கணக்குப் போட்டு 2020-இல் வெளியிட்டார்கள். குறைந்த படிப்பு, நிலையாக உட்கார முடியாத அளவுக்கு உடம்பின் நடுப்பகுதி பலமிழந்திருப்பது, எலும்பு முறிவு, இரண்டு நாளுக்கு மேல் தீவிர சிகிச்சையில் இருந்தது ஆகியவை அந்த நான்கு.

தோழர்களே, இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். இதில் விலையுயர்ந்த இயந்திரம் எங்கே இருக்கிறது? இரத்தப் பரிசோதனை எங்கே இருக்கிறது? கட்டில் விளிம்பில் உட்காரச் சொல்லிப் பார்ப்பதற்கும் நான்கு கேள்வி கேட்பதற்கும் எத்தனை ரூபாய் ஆகும்?

இன்னொன்றையும் பாருங்கள். துணையில்லாமை, படிப்பில்லாமை! இவை கிருமிகளா? இல்லை. சமுதாயம் ஒரு மனிதனுக்கு இழைத்த அநீதியின் பெயர்கள். ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே இயந்திரம். ஆனால் வெளியே வந்தபின் ஏழை விழுகிறான், வசதியுள்ளவன் எழுகிறான். நாம் மேடையில் சொன்னால் அரசியல் என்பார்கள். டாக்டர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது என்ன சொல்வார்கள்?

நம் பூமியின் கணக்கு

இதெல்லாம் பணக்கார நாட்டு நோய், நமக்கு எதற்கு என்று கேட்போர் உண்டு. பக்கத்து இலங்கையைப் பார்க்கட்டும். பாம்புக் கடியின் நஞ்சு உடலெங்கும் ஏறிப் பிழைத்த 88 பேரை ஓராண்டு முதல் நான்காண்டு கழித்துத் தேடிப் போய்க் கேட்டு 2011-இல் எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்டோர் மனச்சோர்வில் இருந்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு, கடிபட்ட நாளின் அச்சம் நோயாகவே தங்கியிருந்தது. நான்கில் ஒருவருக்கு மேல், கடித்த பிறகு தொழில் கெட்டது என்றார்கள். அவர்கள் எல்லோரும் இயந்திரத்தில் கிடந்தவர்கள் அல்லர். இருந்தும் இந்த நிலை. நம் கரிமூட்டத் தோழரை இலங்கை வயல்காட்டில் தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்கலாம்!

அதே இலங்கையில் 2015-இல் இன்னொரு செய்தியும் வந்தது. மனநோய் நிபுணர் அல்லாத சாதாரண டாக்டர்களே, ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போதும் மறுமாதமும் சற்று நேரம் உட்கார்ந்து பேசி விளக்கினார்கள். அப்படிப் பேசப்பட்டவர்களிடம் மனத்தின் தொல்லைகளும் அன்றாட முடக்கமும் குறைந்தன. எல்லாம் தீர்ந்துவிடவில்லை, மனச்சோர்வு நோய் அதனால் குறையவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். ஆனாலும் சும்மா அனுப்புவதைவிடப் பேசி அனுப்புவது மேல் என்பது தெளிவாயிற்று.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்பு கடித்து இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பாம்புக் கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக 2024-இல் ஆக்கினார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கடித்ததை அறிவித்தால் போதுமா? கடிபட்டவன் எழுந்து நடந்தானா என்பதை யார் அறிவிப்பது?

பாம்பு மட்டுமா? அருப்புக்கோட்டையைத் தொட்டுக்கொண்டு போகும் மதுரை–தூத்துக்குடி நாற்கரச் சாலை இருக்கிறது. மழை பொய்த்தால் ஊரைக் காலி செய்துகொண்டு போய்ச் சேரும் பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. கல்குவாரிகள் இருக்கின்றன. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது உயிர். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்ட உயிர். 2024 மே முதல் நாள், தொழிலாளர் தினத்தன்றே, காரியாபட்டி வட்டத்துக் கல்குவாரி வெடிவிபத்தில் மூன்று தொழிலாளர்கள். மாண்டவர் எண்ணிக்கை நமக்கு மனப்பாடம். இரங்கல் தீர்மானம் போட்டோம், நிவாரணம் கேட்டோம், பெற்றோம். வெந்த உடம்போடு தீவிர சிகிச்சையில் கிடந்து மீண்டு வந்தவர்கள் எத்தனை பேர், இன்று எங்கே இருக்கிறார்கள், வெடிச் சத்தம் கேட்டால் நடுங்காமல் இருக்கிறார்களா என்று கேட்டால், நம்மில் எவரிடம் பதில் இருக்கிறது?

சட்டத்தின் எந்தப் பத்தியில்?

பஞ்சாலைத் தோழருக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. 1952-இல் தொடங்கிய திட்டம். தொழிலாளி வர்க்கம் போராடிக் காத்துவரும் உரிமை. நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள், கூலியில் நூற்றுக்கு எழுபது கிடைக்கும். நீண்டகால நோய் என்று 34 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு இரண்டாண்டு வரை நூற்றுக்கு எண்பது தருகிறார்கள். அந்தப் பட்டியலில் தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய தளர்ச்சி என்று ஒரு வரி இல்லை. 91 நாள் முடிந்தால் தொழிலாளி ஆலை வாசலில் நிற்க வேண்டும். தறியின் முன் கால் நடுங்கினால் வேலைக்கு லாயக்கற்றவன் என்ற பட்டம்!

பஞ்சாலைக்காரன் கதை இது. கரிமூட்டக்காரனுக்கு 91 நாளும் இல்லை, ஒரு நாளும் இல்லை. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரிய அட்டை வைத்திருக்கிறான். விபத்தில் செத்தால் உதவி உண்டு. கை போனால், கால் போனால் உதவி உண்டு. கையும் காலும் இருந்தும் கட்டை தூக்க முடியாதவனை எந்தப் பத்தியில் எழுதுவது?

சிகிச்சைக்குப் பணம் தர வழி செய்திருக்கிறார்கள். 2009-இல் தொடங்கிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும், சாலை விபத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு 2021-இல் வந்த திட்டத்தையும் நாம் மறைக்கவில்லை, மறுக்கவில்லை. அவற்றால் பிழைத்தவர் பலர். முதல் 48 மணி நேரத்தை எண்ணத் தெரிந்த சர்க்காருக்கு அடுத்த 48 வாரத்தை எண்ணவும் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

ஆள் இல்லை என்பார்கள்

உயிரைக் காக்கவே படுக்கை போதவில்லை, டாக்டர் போதவில்லை; வீடு திரும்பியவன் பின்னால் யார் அலைவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்த முன்கணிப்பு என்பதே நம் பதில். எல்லோர் பின்னாலும் அலைய ஆள் இருந்தால் முன்கூட்டிப் பார்ப்பதற்கே தேவை இல்லை. ஆள் குறைவாக இருப்பதால்தான், பத்துப் பேரில் விழக்கூடிய மூன்று பேர் யார் என்று தெரிந்துகொண்டு அவர்களிடம் முதலில் போக வேண்டும். கிணற்றில் தண்ணீர் குறைந்தால் வாடுகிற பாத்திக்கு முதலில் மடை திருப்புகிறோமே, அந்த அறிவுதான் இது.

ஸ்வீடனில் போட்ட கணக்கு திருச்சுழிக்கு அப்படியே பொருந்துமா என்றும் கேட்கலாம். பொருந்தாது. அங்கே ‘குறைந்த படிப்பு’ என்பது வேறு, இங்கே வேறு. ஆகவே நம் மண்ணில் நாமே எண்ணிப் பார்க்க வேண்டும். 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே, எதற்காக? அங்கே படிக்கும் பிள்ளைகள் நம் ஊர்களுக்கு வரட்டும். ஆறு மாதத்துக்கு முன் பிழைத்துத் திரும்பியவரைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கட்டும். நம் கணக்கை நாமே எழுதுவோம்.

நாம் கேட்பது

சர்க்காரிடம் நாம் கேட்பவை நான்கு.

ஒன்று: தீவிர சிகிச்சையிலிருந்து அனுப்பும் ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்விகளைக் கேட்டு, விடையை டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுத வேண்டும். கெட்ட கனவு வரலாம், மறதி வரலாம், இது நோயின் பின்விளைவு, பைத்தியம் அல்ல என்று நோயாளிக்கும் வீட்டாருக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் சொல்லப்பட்டிருந்தால் கோடங்கிக்குப் பணம் போயிருக்காது.

இரண்டு: புறப்பட்ட இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும் என்று 2020-இல் உலக நிபுணர்கள் கூடிச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக நடக்க முடியாதவனை மதுரைக்கு இரண்டு பஸ் மாற வைக்கலாமா? அருப்புக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியிலேயே மாதம் ஒரு நாள் அதற்கென ஒதுக்க வேண்டும்.

மூன்று: 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி உடற்பயிற்சி சொல்லித்தர ஏற்பாடு உண்டு. ஆபத்து மிகுந்தவர் என்று சீட்டில் குறிக்கப்பட்டவர் பெயர், அவர் ஊர் போய்ச் சேருமுன் அந்த ஊழியர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

நான்கு: இ.எஸ்.ஐ. நீண்டகால நோய்ப் பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளிக்கு, எழுந்து நிற்கும் வரை நோய்க்கால உதவி வேண்டும். கஞ்சி இல்லாதவனுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருவது கேலிக்கூத்து.

நாம் செய்ய வேண்டியது

சர்க்காரைக் கேட்டுவிட்டுக் கைகட்டி உட்காருவது நம் வழக்கம் அல்ல. துணை இல்லாதவன் விழுகிறான் என்று கணக்குச் சொல்கிறது. துணை என்பதை மருந்துக் கடையில் விற்பதில்லை. அதைக் கொடுக்கக் கூடியவர்கள் யார்? கிளைக் கழகங்கள், சங்கங்கள், படிப்பகத்தில் மாலையில் கூடும் இளைஞர்கள்! இதைவிடப் பொருத்தமான வேலை நமக்கு உண்டா?

ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் போடட்டும். தீவிர சிகிச்சையிலிருந்து ஊர் திரும்பியவர் பெயர், திரும்பிய தேதி, வாரம் ஒருமுறை யார் போய்ப் பார்த்தது என்று எழுதட்டும். போகிறவர் பழம் வாங்கிப் போக வேண்டியதில்லை. மாலை வெயில் தாழ்ந்ததும் கைபிடித்துக் கண்மாய்க் கரை வரை நடத்திக்கொண்டு போகட்டும். தூக்கம் வந்ததா, என்ன கனவு என்று கேட்கட்டும். சாகலாம் போலிருக்கிறது என்று ஒரு சொல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போகட்டும்.

உள்ளே ஆள் கிடக்கும்போதும் ஒரு வேலை உண்டு. ஐரோப்பாவில் நோயாளி மயங்கிக் கிடக்கும் நாட்களில் நர்சுகளும் வீட்டாரும் ஒரு குறிப்பேட்டில் அன்றன்று நடந்ததை எழுதி வைத்துப் பிறகு அவருக்குக் கொடுக்கிறார்கள். ஆறு நாடுகளில் 352 பேரிடம் சோதித்து 2010-இல் எழுதினார்கள். குறிப்பேடு உடனே பெற்றவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கே அச்ச நோய் புதிதாக வந்தது. பெறாதவர்களில் 13 பேருக்கு வந்தது. பத்து ரூபாய் நோட்டு! பள்ளிக்கூடம் போகும் மகள் எழுதலாமே: ‘இன்று உங்கள் கையைக் கட்டியிருந்தார்கள், குழாயைப் பிடுங்காமலிருக்க, நாங்கள் வெளியே இருந்தோம், மாமா வந்தார்.’ கொலைகாரன் யாரும் இல்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அந்தத் திண்ணையை விட்டு நாம் எழுந்தபோது தோழர் கேட்டார், “அடுத்த மாநாடு எப்ப?” தேதியைச் சொன்னோம். “வர முடியுமான்னு தெரியல” என்றார். அவர் வர வேண்டும் என்பதற்காக அல்ல, அவர் நடக்க வேண்டும் என்பதற்காக இரண்டு இளைஞர்கள் இப்போது மாலைதோறும் அந்த வீட்டுக்குப் போகிறார்கள். ஐந்து மாதம் முன்பே போயிருக்க வேண்டியவர்கள். அந்தக் குற்றம் அவர்களுடையது அல்ல, நம்முடையது.

தோழர்களே! இதை மடித்து வைக்குமுன் உங்கள் ஊரில் இந்த ஆண்டு ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பியவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பெயராவது நினைவுக்கு வரும். இன்று மாலையே அந்த வீட்டுக்குப் போங்கள்.